கல் ஊன்றட்டும் என்று இருந்தோம்

எனக்கு வாய் அதிகம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மயிலாடும்பாறைப் பக்கம், வாக்கப்பட்டது கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் வக்கீல் குமாஸ்தாவை வாசலில் நிற்க வைத்துத் திட்டி அனுப்பிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அந்தத் திட்டு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இத்தனை வருசம் கழித்துச் சொல்கிறேன்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டரை ஏக்கர். கிணறு, மோட்டார் ரூம், வடக்கே தென்னை, தெற்கே வாழை. கல்யாணமான நாலாம் வருசம் என் கழுத்துச் சங்கிலியையும் காப்பையும் போடி கடைவீதியில் விற்றுத்தான் அதை வாங்கினோம். பத்திரம் என் கணவர் பேரில். என் பேரில் எழுதலாம் என்று அவர்தான் சொன்னார். பொம்பளை பேரில் எழுதினால் ஊர் உங்களைத்தான் சிரிக்கும் என்று தடுத்தது நான். அப்போது நாங்களும் என் கணவரின் அண்ணன் குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோர்ட்டில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மூத்தார் என்போம். தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது பிள்ளையிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் என் வாய்க்குப் பயப்படும். மூத்தார் முன்னால் மட்டும் நான் ஊமை. வீடு இரண்டாகி அடுப்பு இரண்டான பிறகு அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டார். மலையடியில் இருந்த மானாவாரிக் காடு, வயல், வீடு, அதோடு சேர்த்து எங்கள் தோட்டம். காடு, வயல், வீட்டில் பாதி தருவதில் எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. மாமனார் வைத்துவிட்டுப் போனது அது. தோட்டம் என்னுடையது. அதில் ஒரு சாண் தரமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

தாலுகா ஊரில் இருந்த முன்சீப் கோர்ட்டில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நகை விற்றதற்கு ரசீது இருக்கிறதா என்று எதிர் வக்கீல் கேட்டார்.

"நகைய விக்கிறவ அழுதுக்கிட்டே விக்கிறா. அவ ரசீதா கேட்டு வாங்குவா?" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் ஐயாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கூண்டை விட்டு இறங்கினேன். சிரிக்க வைத்தால் ஜெயித்ததாக அர்த்தமில்லை என்று அப்போது எனக்கு யார் சொல்வது?

தீர்ப்பு வந்தது. எங்கள் வக்கீல் வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொன்னார். "தோட்டமும் பொதுச் சொத்துன்னு எழுதிட்டாரு. எல்லாத்துலயும் ஆளுக்குப் பாதி. இது முதல்நிலைத் தீர்ப்பு. இனிமே அளந்து பிரிக்க ஒரு கமிஷனரைப் போடுவாங்க. அவர் அறிக்கை கொடுத்ததும் இறுதித் தீர்ப்பு வரும். மேல போறதப் பத்தி எங்க குமாஸ்தா வந்து பேசுவார்." அதற்குள் அவருடைய அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கறுப்புக் கோட்டு பறக்க உள்ளே ஓடினார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என் கணவரும் அமைதியாகத்தான் இருந்தார். ஏன் என்று கேட்டால், எங்கள் ஊரில் பாகம் பிரிக்கிற வழக்கம் அப்படி.

எங்கள் ஆட்கள் நிலத்தைப் பிரித்தால் ஒரே நாளில் முடிக்கமாட்டார்கள். ஊரில் பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து இன்னாருக்கு இது, இன்னாருக்கு அது என்று சொல்வார்கள். அந்தச் சொல் சும்மா காற்றில் கிடக்கும். ஒருத்தன் முறைப்பான், ஒருத்தி அழுவாள், ஒருத்தன் கோபித்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்விடுவான். ஆறு மாசம் கழித்துச் சொன்னதையே மாற்றுவார்கள். கடைசியில் கயிறு பிடித்து அளந்து, எல்லைக் கல்லைக் குழிக்குப் பக்கத்தில் படுக்கப்போட்டு, தேங்காய் உடைப்பதற்கு முன்னால் பெரியவர் ஒருத்தர் மூன்று தடவை கேட்பார்: "யாருக்காச்சும் சொல் இருக்கா?" அந்த நேரத்தில் யாராவது "எனக்குச் சொல் இருக்கு" என்றால் போச்சு. கல் குழிக்குள் இறங்காது. எல்லாம் முதலிலிருந்து. என் மாமியாரே அப்படி ஒரு தடவை கல்லை நிறுத்தியவள். கல் ஊன்றின பிறகுதான் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு.

"கமிஷனர் வந்து அளப்பாருன்னுதான சொன்னாரு. அன்னைக்குப் பாத்துக்குவோம்" என்றார் என் கணவர், பஸ் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே.

"வரட்டும். கல்லு மேல நான் படுத்துக்கிறேன்" என்றேன்.

இரண்டு பேருக்கும் அதில் சந்தேகமே இல்லை. இன்றைக்கு நினைத்தால் என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குமாஸ்தா வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் பை, கால் முழுக்கப் புழுதி. நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"தீர்ப்பு நகல் வாங்கியாச்சுக்கா. அப்பீல் போட முப்பது நாளுதான். நகலுக்குக் காத்துக்கிடந்த நாளத் தள்ளிக்கிருவாக. இருந்தாலும் இப்பவே வக்காலத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நல்லது. ஸ்டாம்புக்கும் கொஞ்சம் குடுங்க" என்றார்.

ஸ்டாம்பு என்றதுமே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மூன்று வருசமாக அந்தப் பை வரும்போதெல்லாம் ஸ்டாம்பு, பேட்டா, நகல் செலவு என்றுதான் வரும்.

"இன்னும் ஒரு கல்லு ஊணல, ஒரு கயிறு பிடிக்கல. எதுக்கு மேல அப்பீலு? காத்து மேலயா?"

"அக்கா, இதுதான் தீர்ப்பு. பின்னாடி வர்றது அளக்குற வேலதான். பாதியா முழுசாங்குறது இதுலயே முடிஞ்சு போச்சு. இப்ப விட்டா அப்புறம் கேக்க முடியாது."

"முடிஞ்சு போச்சுன்னா கமிஷனர் எதுக்கு வர்றாரு, விருந்து திங்கவா? உங்க வக்கீலே சொன்னாரு, இறுதின்னு ஒண்ணு பின்னாடி வருதுன்னு. வந்தப்புறம் போடுறோம். அதுவரைக்கும் பையைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதீக."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். "அவதான் சொல்றாளே. கல்லு ஊண வரட்டும் பாப்போம்" என்றார்.

குமாஸ்தா ஒரு செம்பு மோர் கேட்டார். கொடுத்தேன். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவள்தான் நான். குடித்துவிட்டு, "நான் சொல்லலன்னு நாளைக்குச் சொல்லக் கூடாதுக்கா" என்று போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் பின்னாலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கமிஷனர் வர ஒன்றரை வருசத்துக்கு மேல் ஆனது. தாடி மீசை நன்றாக முளைக்காத ஒரு இளம் வக்கீல்தான் கமிஷனர். கூட ஒரு சர்வேயர், சங்கிலி பிடிக்க இரண்டு ஆள். மூத்தார் தென்னை நிழலில் தள்ளி நின்றார். நான் அன்றைக்குத் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். சங்கிலி தோட்டத்தில் குறுக்கே விழுந்தது. நான் காத்துக்கொண்டே நின்றேன், கமிஷனர் இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. அவர் பாட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சர்வேயர் மூங்கில் குச்சி ஒன்றை நடுத் தோட்டத்தில் அடித்தார்.

பொறுக்க முடியவில்லை. "எனக்குச் சொல் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன்.

கமிஷனர் நிமிர்ந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "சொல்லுங்கம்மா. வடக்குப் பாதி வேணுமா, தெக்குப் பாதி வேணுமா?"

"ரெண்டும் வேணும். இது என் நகையில வாங்குன தோட்டம். இதுல பாகமே கிடையாது."

"அது கோர்ட்டுல முடிஞ்சு போன விசயம்மா. அதப் பேச எனக்கு அதிகாரமில்ல. உங்க பாதி எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

முடிந்து போனதா? எப்போது? யார் முடித்தது? நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் மேல் படுப்பேன் என்றவள், படுக்க அங்கே கல்லே இல்லாமல் நின்றேன். கல்லெல்லாம் கடைசியில் கோர்ட் ஆளான அமீனா வந்துதான் ஊன்றுவாராம், அதையும் கமிஷனர்தான் சொன்னார்.

அப்போதும் நாங்கள் அசையவில்லை பாருங்கள். பொடிப் பயல், அவனுக்கு என்ன தெரியும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். கமிஷனர் அறிக்கை போனது. கிணறு பொது, முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டும். தென்னை உள்ள வடபாதி மூத்தாருக்கு, வாழை உள்ள தென்பாதி எங்களுக்கு. அதை வைத்து முன்சீப் கோர்ட்டில் இறுதித் தீர்ப்பும் வந்தது. வந்த மறுநாளே முதல் பஸ்ஸில் போய் வக்கீல் வீட்டு வாசலில் நின்றோம். ஸ்டாம்புக்கு என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

"இப்ப இறுதி வந்துருச்சுல்ல, இப்பப் போடுங்க அப்பீலு" என்றேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போடலாம். ஆனா கிணத்தடி சரியா அளந்தாங்களா, தென்னைக்கும் வாழைக்கும் மதிப்பு சரியாப் போட்டாங்களான்னுதான் இதுல பேசலாம். தோட்டம் உங்க சொத்தா, பொதுச் சொத்தாங்கறத இப்பப் பேச முடியாதும்மா. அதை முதல் தீர்ப்பு வந்தப்பவே அப்பீல்ல கேட்டிருக்கணும். அப்பக் கேக்காதவங்க, இறுதித் தீர்ப்பு வந்தப்புறம் அது தப்புன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு."

"எந்தச் சட்டத்துல?"

தடித்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். இங்கிலீஷில் நாலைந்து வரி. அவர் அதைத் தமிழில் சொன்னார். எவனோ எந்தக் காலத்திலோ எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு எழுதிவைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. போடுங்கள், ஜட்ஜைப் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தேன். போட்டார்.

அப்பீல் கேட்கிற சப் கோர்ட் இருந்த ஊருக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வக்கீல் நகை விற்றதைப் பற்றி ஒரு வார்த்தை ஆரம்பித்தார். ஜட்ஜ் கையைத் தூக்கி நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார், முதல்நிலைத் தீர்ப்புக்கு அப்பீல் செய்திருக்கிறீர்களா என்று. வக்கீல் இல்லை என்றார். அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் தென்னை மரத்தின் மதிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அதுவும் சரிதான் என்று சில நாளில் தள்ளுபடி ஆகிவிட்டது. அன்றைக்குக் கோர்ட்டில் பேசியது ஐந்து நிமிசம் இருக்குமா? நான் தலைமுடி முடிந்துகொள்ள எடுக்கும் நேரம். என் கழுத்துச் சங்கிலி, காப்பு, பத்து வருசம் குனிந்து நிமிர்ந்த என் முதுகு, எல்லாவற்றையும் ஒரே கேள்வி விழுங்கிவிட்டது. நான் அந்தக் கோர்ட்டில் வாய் திறக்கவே இல்லை. என்னால் முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு நின்றுபோனது.

வெளியே வேப்ப மரத்தடியில் என் கணவர்தான் கேட்டார். "முதல் தீர்ப்புக்கே இப்பப் போட முடியாதா சார்? லேட்டுன்னு ஒத்துக்கிட்டு?"

"தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனா ஏன் இத்தன நாளு வரலன்னு தக்க காரணம் சொல்லணும். மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. உடம்பு சரியில்லாமக் கிடந்தீங்களா? ஊர்ல இல்லையா? தீர்ப்பு வந்ததே தெரியாதா?"

"தெரியும். கல்லு ஊணலயேன்னு இருந்தோம்."

வக்கீல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "எங்க குமாஸ்தா வந்து சொல்லலையா?" என்றார் மெதுவாக. என் கணவர் தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாலு அடி வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"வந்தாரு சார். நாந்தான் வெரட்டி விட்டேன்" என்று நானே சொன்னேன்.

அடுத்த தையில் அமீனா வந்தார். கூடவே கல்லும் வந்தது, மாட்டு வண்டியில், ஐந்து கல். தேங்காய் கிடையாது, கேள்வி கிடையாது. ஆள் குழி தோண்ட, அமீனா காகிதத்தைப் பார்த்து இங்கன, அங்கன என்று கை காட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணெதிரே நடப்பது நிஜமா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது கல் இறங்கும்போது மூத்தார் எங்கள் பக்கம் நடந்து வந்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவரும் என் கணவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. என் கணவர் அப்போது மோட்டார் ரூம் பக்கம் போயிருந்தார். மூத்தார் என்னிடமே பேசினார்.

"ஏத்தா, நீங்க ஏன் அப்பவே மேல போகல?"

நான் வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்க வக்கீலு அன்னைக்கே சொன்னாரு. அவுக கட்டாயம் மேல போவாக, நகைய வித்து வாங்குனதுன்னு ஊருக்கே தெரியும், மேல போனா இந்தத் தீர்ப்பு நிக்காது, அங்கன வச்சு ராஜி பேசிருவோம்னு. நானும் சரின்னுட்டேன். தோட்டத்த உங்களுக்கே விட்டுட்டு, மலையடிக் காட்ட மட்டும் முழுசா எம் பேருக்குக் கேக்குறதுன்னு இருந்தேன். அந்தக் காட்ட என் தம்பியே குடுத்துருவான்னு எனக்குத் தெரியும். நோட்டீசு வருதா வருதான்னு தபால்காரரத் தெனம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு மாசம் போச்சு. ரெண்டு மாசம் போச்சு. நீங்க வரல."

அவர் குழிக்குள் இறங்கிய கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வரலங்கவும், சரி, அவுகளே ஒத்துக்கிட்டாக போலருக்கு, அப்ப இதுல எனக்குப் பாதி இருக்கத்தான் செய்யுதுன்னு நானும் நம்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

எதிராளி எங்களுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். விட்டுக்கொடுக்கத் தயாராக வாசலைப் பார்த்து இருந்திருக்கிறார். நாங்கள் கல்லுக்குக் காத்திருந்தோம்.

"அந்த முப்பது நாளும் அப்படி என்னத்தா செஞ்சீக?" என்றார். அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூத்தாரை நான் முதல் தடவையாக நிமிர்ந்து முகத்துக்கு நேரே பார்த்தேன்.

"வாழைக்கு மண்ணு அணைச்சோம்" என்றேன்.